பெட்டி விலையும் வருஷ விலையும்

போன அக்டோபரில் ஒரு நாள் காலை அப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, கம்ப்யூட்டர்ல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க" என்றார், ஏதோ வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்ட மாதிரி. திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். முதல் படத்தில் அவர் கட்டைவிரல், இரண்டாவதில் டியூப்லைட் வெளிச்சம், மூன்றாவதில்தான் விஷயம் தெரிந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிகிறது, உங்கள் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியானது அல்ல.

அந்தத் 'தகுதி' என்கிற வார்த்தைதான் அவரைச் சுட்டது. முப்பத்தைந்து வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர், ஃபெயில் போட்டுத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை.

அந்தப் பெட்டியை 2016இல் திருச்சியில் பார்ட் பார்ட்டாக வாங்கி நான்தான் கட்டிக் கொடுத்தேன். இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், ஒரு ஹார்ட் டிஸ்க். பென்ஷன் வந்ததா என்று பார்க்க, கரண்ட் பில் கட்ட, யூடியூப்பில் பழைய கச்சேரி கேட்க, எங்கள் ஊர்ச் சிவன் கோவிலைப் பற்றி எட்டு வருஷமாக முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் புத்தகத்தைத் தட்ட, இதற்கெல்லாம் அது தாராளம். ஆனால் விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி, அப்புறம் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ. எட்டாம் தலைமுறை வெளிவந்ததே 2017இல்தான். ஆக 2016இல் வாங்கியதெல்லாம் வெளியே. வண்டி நன்றாக ஓடுகிறது, எஃப்சி மட்டும் கிடையாது என்கிறார்கள்.

அதற்கப்புறம் ஒரு மாதம் வீட்டில் இதே பேச்சுதான். தங்கை கோயம்புத்தூரில் ஆப்பிளின் மேக் வைத்திருக்கிறாள், "ஒரே தடவை காசு போட்டு மேக் வாங்கிடுங்கப்பா, வைரஸ் கியரஸ் எதுவும் வராது" என்றாள். சித்தப்பா பையன் கும்பகோணத்தில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறான், அவன் விண்டோஸ் கட்சி. நான் மெய்ப்புப் பார்ப்பதும் மொழிபெயர்ப்பதுமாகப் பிழைப்பவன், எட்டு வருஷமாக லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம். மூன்று பேரும் அவரவர் குலதெய்வத்தை விட்டுக்கொடுக்காமல் பேசினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "சரி, மொத்தத்துல எவ்வளவு ஆகும்? அதுல என் பேங்க் பணம் பத்திரமா இருக்குமா?"

இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். கடையில் விலையைப் பற்றி மட்டும் பேசுவார்கள், நம்மைப் போன்றவர்கள் பாதுகாப்பைப் பற்றி மட்டும் சண்டை போடுவோம். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு வரி என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. பெட்டியின் விலையை, அதற்கு இன்னும் எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வருமோ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். வருவதுதான் உண்மையான விலை. நான் அதை வருஷ விலை என்று வைத்துக்கொண்டேன்.

அப்டேட்டுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்பவர்கள் 2017ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த வருஷம் மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற நிரல் பரவியது, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன, பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது! இரண்டு மாதம் முன்பே. போட்டவர்கள் தப்பித்தார்கள், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளியவர்கள் மாட்டினார்கள். 2014இலேயே ஆதரவு நின்றுபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட இரக்கப்பட்டு ஒரு திருத்தம் கொடுத்தார்கள், ஆனால் அது தாக்குதல் நடந்த பிறகு. அப்டேட் நின்ற பெட்டி என்றால் இதுதான் நிலைமை. இன்றைக்கு எதுவும் ஆகாது, அடுத்த ஓட்டை வெளியே தெரிகிற நாளில் நம் வீட்டுக்குத் திருத்தம் வராது.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

விண்டோஸ் லேப்டாப் ஒன்று 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், வீட்டு வேலைக்கு அது போதும். விண்டோஸ் 11 அதற்குள்ளேயே வருகிறது. கீல் உடையாமல், பேட்டரி உப்பாமல் ஆறு வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 7,500. இதில் கடைக்காரர் ஆன்டிவைரஸ் ஒன்றைச் சேர்த்து விற்கப் பார்ப்பார். எனக்குத் தெரிந்து அது வேண்டியதே இல்லை. விண்டோஸ் 8 வந்த 2012இல் இருந்து மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு அது போதும், அந்த ஆயிரம் ரூபாயில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு முன்பணம் கட்டலாம். ஆபீஸ் சந்தாவும் அப்படித்தான், கடிதம் எழுதுகிறவருக்கும் வரவு செலவு போடுகிறவருக்கும் லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே மூன்று தளத்திலும் ஓடும்.

மேக்குக்கு வந்தால், தங்கையின் மேக்புக் ஏர், ஆப்பிளின் சொந்த எம்1 சில்லு வைத்தது, 2020 நவம்பரில் இந்தியாவில் வந்தபோது 92,900 ரூபாய். அப்போது நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஐந்து வருஷம் முடிந்துவிட்டது, இன்னும் புதுப் பதிப்பு ஏறுகிறது, எட்டு வருஷம் ஓடிவிட்டால் வருஷத்துக்குப் பதினோராயிரத்து சொச்சம்தான், நடுவில் விற்றாலும் நல்ல விலை போகும். ஆனால் இதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அதே 2020 தொடக்கத்தில் ஏறக்குறைய அதே விலைக்கு இன்டெல் சில்லு வைத்த ஏர் ஒன்று வந்தது. சில மாதம் முந்திக்கொண்டு அதை வாங்கியவர்களுக்கு 2025இல் வந்த டஹோ என்கிற மேக் இயங்குதளப் பதிப்பு கிடையாது. பழைய பதிப்புக்கு இன்னும் கொஞ்ச காலம் திருத்தங்கள் வரும் (ஆப்பிள் வழக்கமாக முந்தைய இரண்டு பதிப்புகளையும் ஓரளவு கவனித்துக்கொள்கிறது), அதோடு சரி. ஒரே வருஷம், ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே பில், ஆனால் வருஷ விலை எங்கேயோ போய்விட்டது. எதை எப்போது வாங்கினோம் என்பது எந்தக் கட்சி என்பதைவிடப் பெரிய விஷயமாக இருக்கிறது.

இன்னொன்று, எம் வரிசை மேக்புக்கில் ராம், எஸ்எஸ்டி இரண்டையும் பின்னால் ஏற்ற முடியாது. வாங்குகிற அன்றைக்கே அடுத்த எட்டு வருஷத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று ஜோசியம் பார்த்துக் காசு கட்ட வேண்டும்.

என் லேப்டாப் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய திங்க்பேட் டி480, யாரோ கம்பெனிக்காரர்கள் கழித்துவிட்டது, 21,000 கொடுத்தேன். வெளியில் ஒரு கீறல், விசைப்பலகையில் ஆங்கில 'ஈ' மட்டும் தேய்ந்துபோயிருக்கிறது, எவ்வளவு மெயில் அடித்தாரோ பாவம். லினக்ஸ் மின்ட் போட்டேன், காசு இல்லை. மின்ட் 22 பதிப்புக்கு 2029 வரை அப்டேட் வரும், அதற்குப் பின் அடுத்த பதிப்பு, அதுவும் இலவசம். இந்த மாதிரிப் பழைய திங்க்பேட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டி470, டி480 இரண்டும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பார்க்க அண்ணன் தம்பி. டி470 ஏழாம் தலைமுறை அல்லது அதற்கும் முந்தையது, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. டி480இல் எட்டாம் தலைமுறை இருந்தால் ஏறும். லினக்ஸ்தான் போடப் போகிறேன் என்றால் விலை குறைந்த டி470ஐக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், விண்டோஸ் வேண்டும் என்றால் பின்பக்க ஸ்டிக்கரைத் திருப்பிப் பாருங்கள். ஏதோ மென்பொருளை வைத்து அந்தச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகிறேன் என்று சொல்வார்கள், ஏறவும் செய்யும், ஆனால் அப்படி ஏற்றிய பெட்டிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. நாம் விலை கொடுப்பதே அந்த அப்டேட்டுக்குத்தானே.

இப்போது நம் ஊரில் யாரும் கணக்கில் எழுதாத நான்காவது தளத்துக்கு வருகிறேன், திருட்டு விண்டோஸ். விண்டோஸ் இல்லாமல் டாஸ் போட்ட லேப்டாப் என்று நாலாயிரம் குறைத்து விற்பார்கள், பக்கத்துக் கடையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் விண்டோஸ், ஆபீஸ், போட்டோ எடிட்டிங் என்று சகலமும் போட்டுத் தருவார்கள். பெட்டி விலையில் இதை அடிக்க ஆளே இல்லை.

சித்தப்பா பையன் ஸ்டூடியோவில் 2021 வரை அதுதான். ஒரு முகூர்த்த மாதம், ராத்திரி பதினொரு மணி. ஆல்பம் டிசைன் செய்கிற மென்பொருள் ஒன்றுக்குக் கிராக், அதாவது காசு கட்டாமல் ஓட்டவைக்கும் நிரல், தேடி இறக்கியிருக்கிறான். அதை ஓட்டும்போது ஆன்டிவைரஸ் கத்தும், அணைத்துவிட்டு ஓட்டுங்கள் என்று அந்தத் தளத்திலேயே எழுதியிருந்ததாம், அவனும் சொல்படி அணைத்திருக்கிறான். திருடன் வந்து நாயைக் கட்டிப் போடச் சொன்னால் கட்டிப் போட்ட கதை. கொஞ்ச நேரத்தில் போல்டரில் இருந்த போட்டோக்களின் சிறு படங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக் காகிதமாக மாறின. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நாலெழுத்து வால். எல்லா போல்டரிலும் ஒரு ரீட்மீ கோப்பு, 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை, 490. ஆடித் தள்ளுபடி! அப்போதைய கணக்கில் எழுபதாயிரத்துக்கும் மேல், தள்ளுபடி போக முப்பத்தாறாயிரம்.

"அண்ணே, எட்டுக் கல்யாணம்ணே" என்றான் போனில். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை.

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். அது ஸ்டாப் டிஜேவியு என்கிற ரகம், கிராக்குகள் வழியாகத்தான் பெரும்பாலும் பரவும். எம்ஸிசாஃப்ட் என்ற நிறுவனம் இதற்கு 2019இல் ஒரு இலவசச் சாவி மென்பொருள் வெளியிட்டிருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அது திறக்காது. தாக்கும் நேரத்தில் அந்த நிரல் தன் சர்வரோடு பேச முடியாமல் போனால் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பொதுச் சாவியால் பூட்டும், அப்படிப் பூட்டியதைத் திறக்க வழி உண்டு. பேசிவிட்டால் அவனவனுக்குத் தனிச் சாவி, தலைகீழாக நின்றாலும் திறக்காது. ரீட்மீயின் கடைசியில் இருக்கும் அடையாள எண் பெரும்பாலும் 'டி1' என்று முடிந்தால் முதல் வகை. நாங்கள் இரண்டு பேரும் அந்த நீளமான எழுத்து வரிசையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனோம், பரீட்சை ரிசல்ட்டில் நம்பர் தேடுவது போல. டி1 இல்லை.

ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். வேகமாகப் பூட்ட வேண்டும் என்பதற்காக அது ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவைத்தான் கெடுக்கிறது. பல ஜிபி இருக்கும் வீடியோவில் அது ஒரு நகக் கீறல். அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்து, தலைப்பகுதியைத் திரும்பக் கட்டும் மென்பொருள் இருக்கிறது, அதை வைத்து வீடியோக்கள் பெரும்பாலும் வந்துவிட்டன. போட்டோக்கள் சிறிய கோப்புகள், அடி பலம். கடைசி இரண்டு கல்யாணம் மெமரி கார்டில் அழிக்காமல் இருந்தது. மற்ற வீடுகளுக்கு அவனே நேரில் போய் விஷயத்தைச் சொன்னான். ஒரு வீட்டில் காப்பி கொடுத்து அனுப்பினார்கள், இன்னொரு வீட்டில் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டதோடு, பெண்ணின் பாட்டி மேடையில் ஆசீர்வாதம் செய்தது எல்லாம் போச்சா என்று மட்டும் கேட்டார்களாம். அந்தப் பாட்டி கல்யாணம் முடிந்த மூன்றாவது வாரம் போய்ச் சேர்ந்திருந்தார்.

அன்றைக்கு அவன் மிச்சம் பிடித்தது நாலாயிரம் ரூபாய். இப்போது முறையான விண்டோஸ், மாதச் சந்தா கட்டிய எடிட்டிங் மென்பொருள், அப்புறம் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க், ஒன்று எப்போதும் கழற்றி வீட்டு பீரோவில். லினக்ஸுக்கு வா என்று நான் அவனிடம் சொல்லவே இல்லை. அவன் தொழிலுக்கான மென்பொருள் அங்கே ஓடாது, அதைச் சொல்லாமல் இலவசம் இலவசம் என்று மட்டும் பேசுவது ஏமாற்று.

தங்கையின் "வைரஸ் கியரஸ் வராது" விஷயத்துக்கு வருகிறேன். 2012இல் ஃப்ளாஷ்பேக் என்ற ஒன்று ஜாவா ஓட்டை வழியாகச் சுமார் ஆறு லட்சம் மேக்குகளில் ஏறியது. அதற்குப் பிறகுதான் மேக்குக்கு பிசி வைரஸ் வராது என்ற வாசகத்தை ஆப்பிள் தன் தளத்திலிருந்து எடுத்தது. 2017 நவம்பரில் மேக்கின் ஹை சியரா பதிப்பில் ரூட் என்று நிர்வாகியின் பெயரைப் போட்டு, கடவுச்சொல் இடத்தைக் காலியாக விட்டு, இரண்டு மூன்று தடவை தட்டினால் கதவு திறந்துகொண்ட கதை வேறு இருக்கிறது. சிரிக்கலாம், ஆனால் மறுநாளே திருத்தம் வந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். இப்போதைய தொல்லை வேறு மாதிரி. அடாமிக் ஸ்டீலர் என்ற, மேக்கிலிருந்து கடவுச்சொற்களைத் திருடும் நிரலை 2023இல் டெலிகிராமில் மாதம் 1,000 டாலர் வாடகைக்கு விட்டார்கள். மேக் வைத்திருப்பவரிடம் காசு இருக்கும் என்பது திருடனுக்கும் தெரிந்துவிட்டது. நீங்கள் மனிதர்தானா என்று நிரூபிக்க இந்த வரியை நகல் எடுத்து டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) ஒட்டுங்கள் என்று ஒரு பக்கம் வரும், ஒட்டினால் தீர்ந்தது. தங்கையிடம் கேட்டேன், டெர்மினல் என்றால் என்ன தெரியுமா என்று. "பஸ் டெர்மினஸா அண்ணா?" என்றாள். நல்லது, அவள் அளவில் அந்தத் தாக்குதல் தோற்றுவிட்டது.

மற்றபடி எதையும் தொடாமல் அப்படியே பயன்படுத்துபவர்களுக்கு மேக்தான் இயல்பிலேயே கட்டுக்கோப்பாக இருக்கிறது என்று லினக்ஸ்காரனான நானே ஒப்புக்கொள்கிறேன். லேப்டாப் பையோடு பஸ்ஸில் தொலைந்தால், எம் வரிசை மேக்கில் வட்டு ஏற்கெனவே குறியாக்கம் ஆகியிருக்கும், ஃபைல்வால்ட் என்கிற பூட்டை இயக்கியிருந்தால் கடவுச்சொல் இல்லாமல் எடுப்பவனுக்கு அது வெறும் தகரம். விண்டோஸ் 11லும் இப்போது புதுப் பெட்டிகளில் இது தானாகவே இயங்குகிறது, ஆனால் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டு ஆரம்பித்துக் கொடுத்திருந்தால், என்றைக்காவது அது சாவி கேட்கும் அன்றைக்கு முழி பிதுங்கும். இன்றைக்கே எடுத்து ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். லினக்ஸில் நிறுவும்போதே ஒரு கட்டத்தில் டிக் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் வட்டைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டுகிறவனுக்கு எல்லாம் திறந்த வீடு. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதை டிக் செய்வதில்லை, இது எனக்கு எரிச்சல்.

லினக்ஸ்காரர்களுக்கு இன்னொரு கர்வம் உண்டு, மூலநிரல் திறந்திருக்கிறது, ஆயிரம் கண் பார்க்கிறது என்று. 2024 மார்ச்சில் அந்தக் கர்வம் கொஞ்சம் இறங்கியது. எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன நிரல், ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருப்பது, அதைப் பார்த்துக்கொண்டவர் சம்பளமில்லாத ஒற்றை ஆள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருஷத்துக்கும் மேலாக உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பைக் கையில் வாங்கி, அதற்குள் பின்வாசல் வைத்தார். கண்டுபிடித்தது ஆயிரம் கண் இல்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற ஒருவருக்குத் தன் சோதனைப் பெட்டியில் உள்நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று உறுத்தியது, தோண்டினார், மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். அவர் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில்! எங்கள் கட்சி மானத்தை எதிர்க்கட்சிக்காரர் காப்பாற்றினார். அது சோதனைப் பதிப்புகளோடு நின்றுவிட்டது, மின்ட் மாதிரி வீட்டுப் பதிப்புகளுக்கு வந்து சேரவில்லை. இருந்தாலும் அந்த அரை வினாடியை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

லினக்ஸின் விலை பணத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. கேரளாவில் பள்ளிப் பிள்ளைகள் பாடமே லினக்ஸில் படிக்கிறார்கள், உபுண்டுவிலிருந்து எடுத்து அவர்களே கட்டியது. நம் ஊரில் 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப்புகளில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னைக் கிளை உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வந்தது, எங்கள் தெருவில் வாங்கிய பிள்ளைகள் முதல் வாரமே அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது அங்கே, இங்கே இல்லை.

தமிழ் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. யூனிகோடில் தட்டுவது இன்று மூன்றிலும் பிரச்சினையில்லை, தமிழ்99 விசைப்பலகை மூன்றிலும் இருக்கிறது, மேக்கில் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருகூட உள்ளேயே வருகிறது. ஆனால் அச்சகங்களிடமிருந்து எனக்கு வருவது இன்னும் பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பு, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. அதைத் திறக்க ஒரு பழைய விண்டோஸை லினக்ஸுக்குள் மெய்நிகர் பெட்டியாக, இணையத்தைத் துண்டித்து, வைத்திருக்கிறேன். டேலி போடுகிறவர்களுக்கும், யூஎஸ்பி டோக்கன் செருகி டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிற ஆடிட்டர்களுக்கும் விண்டோஸை விட்டால் அலைச்சல்தான். அந்த அலைச்சலுக்கு மணிக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கூகுள் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் லேப்டாப் பற்றிக் கேட்பீர்கள். பத்து வருஷம் அப்டேட் தருகிறார்கள், விலை குறைவு, உடைப்பது கஷ்டம். ஆனால் அந்தப் பத்து வருஷம் மாடல் வந்த நாளிலிருந்து, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. மூன்று வருஷம் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் ஏழுதான். நெட் போனால் அப்பா கைகட்டி உட்கார வேண்டியிருக்கும், எங்கள் ஊர் நெட்டை நம்பி அதை வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதற்கு நடுவில் அப்பாவுக்கு ஒரு போன். உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, ஒரு ஆப் சொல்கிறேன், இறக்கி அதில் வரும் ஒன்பது இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்று, நல்ல தமிழில், "சார் சார்" என்று. தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் ஆப். அப்பா எண்ணைச் சொல்லாமல் அவன் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, "'புதுப்பிக்கப்படவேண்டும்' சரி, அதென்ன 'புதிப்பிக்க'?" என்று திருத்தியிருக்கிறார், அவன் வைத்துவிட்டான். விண்டோஸோ மேக்கோ லினக்ஸோ, அந்த எண்ணைச் சொல்லியிருந்தால் மூன்றும் ஒன்றுதான்.

கடைசியில் என்ன செய்தோம் என்றால், முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் அமைப்புகளை அதில் சேமித்துவைத்தால் 2026 அக்டோபர் வரை விண்டோஸ் 10க்கு ஒரு வருஷம் கூடுதல் அப்டேட் காசில்லாமல் கிடைக்கும் என்று பார்த்தேன். அவசரமில்லாதவர்கள் அதைச் செய்யலாம், மோசமில்லை. ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது, அதனால் ஒரு சின்ன எஸ்எஸ்டி, பழைய ராம் 4 ஜிபி இன்னொன்று, மொத்தம் 2,600 ரூபாய். மின்ட் போட்டேன். 2029 வரை மூன்றரை வருஷம் என்று வைத்தால் வருஷத்துக்கு 740 சொச்சம். அப்பா துண்டுச் சீட்டில் தானே வகுத்துப் பார்த்தார்.

அவர் திரை முகப்பை அப்படியே வைத்தேன், அதே இடத்தில் பேங்க், அதே இடத்தில் யூடியூப், கோவில் புத்தகத்தின் கோப்பு நடுவில். மூன்று நாள் "மை கம்ப்யூட்டர் எங்கே?" என்றார், நாலாம் நாள் நிறுத்திவிட்டார். இப்போது ஒரே குறை, பிரிண்டர் அச்சடிக்கிறது, ஸ்கேன் மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறது, டிரைவர் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். கல்வெட்டுப் படியைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள் போதும் என்றால், அதில் கட்டைவிரல் விழுகிறது என்கிறார். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.